விதிப்புத்தகம்: அலமாரியிலா, போனிலா?

இன்னைக்கு எபிசோட் ஒரு சண்டையில இருந்து ஆரம்பிக்குது.

போன ஞாயிற்றுக்கிழமை நானும் என் நண்பனும் மேஜை மேல பொம்மைப் படைகளை நிறுத்தி ஒரு போர் விளையாட்டு ஆடிட்டு இருந்தோம். கடைசி சுற்று. என் துப்பாக்கி எவ்வளவு தூரம் சுடும்? அவனோட புத்தகத்தில் 18 அங்குலம். என் போனில் 24. அதே ஆட்டம், அதே துப்பாக்கி. ஒண்ணுல நான் ஜெயிக்கிறேன், இன்னொண்ணுல தோக்கிறேன்.

ஏன் இப்படி ஆகுது? அச்சுப் புத்தகம் கடைக்கு வர்றதுக்குப் பல மாசம் முன்னாடியே எழுதி முடிச்சாகணும். ஆனா ஒரு படை ரொம்ப பலமா இருக்குன்னு தெரியறது, ஆயிரக்கணக்கான பேர் விளையாடின பிறகுதான். அப்போ திருத்தம் வரும். பிடிஎஃப்பில் அதை உடனே மாத்தலாம், அச்சில் முடியாது.

இதுக்கு நல்ல உதாரணம், இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் இருக்கிற கேம்ஸ் ஒர்க்‌ஷாப் நிறுவனத்தின் வார்ஹாமர் 40,000. முதல் புத்தகம் 1987-இல் வந்தது. சமீபத்தில் 2017, 2020, 2023-னு மூணு வருஷத்துக்கு ஒரு புதுப் பதிப்பு. 2023-இல் வந்த பத்தாம் பதிப்போட அடிப்படை விதிகளை இலவச பிடிஎஃப்பாவே கொடுத்தாங்க. படைகளுக்கான புள்ளிகளும் ஆன்லைனில்தான் அவ்வப்போது மாறும். ஆனா ஒவ்வொரு படைக்கும் தனிப் புத்தகம் விலைக்குத்தான். அதுக்குள்ள ஒரு கோட் இருக்கும். அதைப் போட்டாத்தான் ஆப்பில் அந்தப் படையின் விதிகள் திறக்கும். அந்த கோடை ஒரு தடவைதான் பயன்படுத்த முடியும். அதனால பழைய புத்தகத்தை வாங்குறவருக்குத் தாள் கிடைக்கும், ஆப் கிடைக்காமப் போகலாம்.

அப்போ டிஜிட்டல்தான் சரியா? கொஞ்சம் பொறுங்க. நாவலாசிரியர் எச்.ஜி. வெல்ஸ் 1913-இல் 'லிட்டில் வார்ஸ்'னு ஒரு சின்னப் புத்தகம் போட்டார். ஸ்பிரிங் வச்ச பொம்மை பீரங்கியால சிப்பாய்களைச் சுட்டு வீழ்த்துற ஆட்டம் அது. நூறு வருஷம் தாண்டியும் அதைத் திறந்தா இன்னைக்கே ஆடலாம். லாகின் வேண்டாம், சார்ஜ் வேண்டாம், யாரோட அனுமதியும் வேண்டாம். ஆப் அப்படி இல்ல. சர்வரை நிறுத்திட்டா, நாம காசு கொடுத்த விதிகளும் அதோட போயிடும்.

இதுல ஒரு வேடிக்கை. வெல்ஸோட அந்தப் புத்தகத்தை இன்னைக்கு ப்ராஜெக்ட் குட்டன்பர்க் தளத்தில், இலவச டிஜிட்டல் பிரதியாவே படிக்கலாம். அப்போ பிரச்சினை தாளா திரையாங்கிறது இல்ல. அந்தப் பிரதி நம்ம கையில் இருக்கா, இன்னொருத்தர் கையில் இருக்காங்கிறதுதான்.

நான் இப்போ என்ன பண்றேன்? அடிப்படை விதிகள் அச்சில் வேணும். மேஜையைச் சுத்தி நாலு பேர் ஒண்ணா பார்க்கலாம், பென்சிலில் குறிப்பு எழுதலாம். அடிக்கடி மாறுற எண்களுக்குப் போன். இலவச பிடிஎஃப் எதுவா இருந்தாலும் தேதி போட்டு இறக்கி வச்சுக்குவேன். முக்கியமா, பகடையை உருட்டறதுக்கு முன்னாடியே எந்தத் தேதி விதியில் ஆடுறோம்னு பேசி முடிச்சுடுவோம்.

அந்த ஞாயிறு? பகடையை உருட்டி முடிவு பண்ணினோம். நான் தோத்துட்டேன். ஆனா அடுத்த வாரமும் அவன் வர்றான். அடுத்த எபிசோடில் பார்ப்போம்!