செவிலியர் ஒற்றுமை

மருத்துவத்திற்கு நான்கு உறுப்புக்கள் கூறிய வள்ளுவர், நோயாளியின் அருகிருந்து பணிபுரிபவரையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். அப்பணி புரியும் செவிலியர் ஒருவருக்கொருவர் துணையாக நின்றே நோயாளியைக் காக்கின்றனர்.

குருதியில் வகைகள் உண்டென்பதைக் கார்ல் லாண்ட்ஸ்டைனர் 1901-ஆம் ஆண்டில் உலகிற்கு உணர்த்தினார். வகை மாறி ஏற்றிய குருதி உயிரையே போக்கவும் கூடும். ஆதலின், குருதி ஏற்றுமுன் செவிலியர் இருவர் நோயாளியின் பெயர், எண், குருதிவகை ஆகியவற்றைத் தனித்தனியே ஒப்புநோக்குவர். ஒருவர் கண்ணுக்குத் தப்பியதை மற்றவர் கண் காணும்.

பணி மாறும் வேளையில், பகலில் உழைத்தவர், அளித்த மருந்தையும் அளிக்க வேண்டிய மருந்தையும் இரவுப்பணிக்கு வந்தவரிடம் எடுத்துரைப்பர். அச்சொல் விடுபடின், ஒரே மருந்து இருமுறை சென்று கேடு விளையலாம்.

பிழையைச் சுட்டக் கூசாமையும், சுட்டியவரைச் சினவாமையும் செவிலியர் ஒற்றுமைக்கு இரு கண்கள். மாணவர்களே, அவை நமக்கும் வேண்டும்.