உப்பிய பேட்டரி: மாற்றுமுன் நான்கு அளவு பாருங்கள்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் நடுத்தர மளிகைக் கடைகளில்கூட கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு டேப்லெட் இடம் பிடித்துவிட்டது. பில் போடுவது, இருப்பு பார்ப்பது, பற்று வரவு எழுதுவது எல்லாம் அதில்தான். காலையில் ஷட்டரைத் தூக்கியதும் சார்ஜரில் செருகினால், இரவு கடை கட்டும் வரை அப்படியே கிடக்கிறது. சில ஆண்டுகள் போனபின் ஒரு நாள் திரை ஓரத்தில் தூக்கி நிற்கும், பின்மூடி வளைந்திருக்கும். உள்ளே பேட்டரி உப்பிவிட்டது என்பதே அதன் பொருள்.

நம்மில் பலர் இதைச் சில்லறைக் கோளாறாக நினைத்து, ரப்பர் பாண்டு போட்டு இறுக்கி வேலையை ஓட்டிவிடுகிறோம். எண்ணெய் டின், கற்பூரம், தீப்பெட்டி, காலிச் சாக்கு எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் கடையில் இது பெரும் ஆபத்து.

ஏன் உப்புகிறது?

1991-ல் ஜப்பானின் சோனி நிறுவனம் முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்த லித்தியம் அயான் பேட்டரியின் வழிவந்ததே டேப்லெட்டில் உள்ள பேட்டரியும். மெல்லிய உறைக்குள் எளிதில் தீப்பற்றும் திரவத்துடன் அடைக்கப்பட்ட செல் அது. எந்நேரமும் நூறு சதவீத சார்ஜில் இருந்தாலும், சூடு ஏறினாலும், அந்தத் திரவம் சிதைந்து வாயு உண்டாகும். தகரக் கூரையின் கீழ் கத்திரி வெயிலில் இரண்டும் சேர்ந்துகொள்கின்றன.

இத்தகைய மின்வேதியியல் ஆராய்ச்சிக்கென நம் மாநிலத்திலேயே காரைக்குடியில் மத்திய ஆய்வு நிலையம் இருக்கிறது. அது அமைய 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தவர் வள்ளல் அழகப்ப செட்டியார் என்பது வணிகர்களாகிய நமக்குப் பெருமை.

லித்தியம் பேட்டரியில் தீப்பிடித்தால் புகையே உயிரைக் குடித்துவிடும். 2022 மார்ச்சில் வேலூரில், இரவில் வீட்டில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பற்றியதில், தந்தையும் மகளும் மூச்சுத் திணறி இறந்தனர். டேப்லெட் பேட்டரி அதைவிடப் பல மடங்கு சிறியதுதான். ஆனால் கடையின் உள்ளே மூலையில் ஒரு தீ பிறக்க அது போதும்.

உடனே செய்ய வேண்டியது

சார்ஜரை எடுத்துவிடுங்கள். மறுபடியும் செருக வேண்டாம். சூடு, வாடை, புகை எதுவும் இல்லையென்றால் கணக்கை மட்டும் வேறு இடத்தில் பதிவு செய்துகொண்டு, இயந்திரத்தை அணைத்துவிடுங்கள். ஜி.எஸ்.டி. சட்டப்படி கணக்குகளை, ஆண்டு அறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதம் பாதுகாக்க வேண்டும். பேட்டரியோடு கணக்கும் போய்விடக் கூடாது.

பிறகு அதைச் சரக்கிலிருந்து தள்ளி, உலர்ந்த மணல் போட்ட மண் சட்டியில் வையுங்கள். உப்பலை அமுக்குவதும், ஊசியால் குத்திக் காற்றை இறக்குவதும் கூடவே கூடாது. சூடேறினாலோ புகைந்தாலோ, எல்லோரும் வெளியேறி 101-க்குச் சொல்லுங்கள்.

மாற்றும்போது

ஒரிஜினல் பேட்டரி கிடைத்தால் அதையே போடுவது நல்லது. பழைய மாடல்களுக்கு அது கிடைப்பதில்லை. அப்போது அளவு பார்த்து வேறு செல் போடுவது வழக்கம். ரிச்சி தெருவில் வாங்கினாலும், பக்கத்து மெக்கானிக்கிடம் கொடுத்தாலும், நான்கு விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒன்று, வோல்ட். சில செல்கள் 4.2 வோல்ட்டில் நிறைந்துவிடும், சில 4.35 வோல்ட் வரை ஏறும். 4.35 வரை ஏற்றும் டேப்லெட்டில் 4.2 செல்லைப் போட்டால், மூட்டை கொள்ளும் அளவுக்கு மேல் திணித்த கதைதான். புதிய செல்லும் விரைவில் உப்பிவிடும், தீப்பிடிக்கவும் கூடும். பழைய பேட்டரியின் லேபிளைப் படித்துப் பார்த்தே வாங்க வேண்டும்.

இரண்டு, அளவு. செல் மேல் 357090 என்று இருந்தால், கனம் 3.5 மில்லிமீட்டர், அகலம் 70, நீளம் 90. இடத்தில் இறுக்கமாகத் திணிக்கக் கூடாது. சற்று இடைவெளி வேண்டும். 2016-ல் சாம்சங் நிறுவனம் நோட் 7 போன்களில் முதலில் சுமார் 25 லட்சத்தைத் திரும்பப் பெற நேர்ந்தது. முதலில் வந்த பேட்டரிகளில் மூலை நெருக்கப்பட்டு உள்ளே தகடு வளைந்ததே காரணம் என்று 2017 ஜனவரியில் அந்த நிறுவனமே அறிவித்தது.

மூன்று, கொள்ளளவு. மேலே சொன்ன அளவுள்ள செல்லில் ஏறக்குறைய 3000 மில்லிஆம்பியர் மணிதான் அடங்கும். அதில் 8000 என்று அச்சிட்டிருந்தால், ஒரு கிலோ பையில் இரண்டரைக் கிலோ என்று எழுதியதற்குச் சமம். லேபிளில் ஐ.எஸ். 16046 என்ற தர எண்ணும், ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

நான்கு, பாதுகாப்பு போர்டு. அளவுக்கு மீறி சார்ஜ் ஏறினாலும், ஷார்ட் ஆனாலும் மின்சாரத்தைத் துண்டிப்பது அதுதான். போர்டு இல்லாத வெறும் செல்லை நேராக இணைக்க விடாதீர்கள். பல பேட்டரிகளில் சூட்டை அறிய மூன்றாவது ஒயர் ஒன்று இருக்கும். அதையும் விட்டுவிடக் கூடாது. செல்லின் தகட்டில் சால்டர் இரும்பை நெடுநேரம் வைத்தாலும் செல் கெடும். ஸ்பாட் வெல்டிங்கே முறை. இரண்டு செல்களைச் சேர்ப்பதாக இருந்தால், ஒரே வகையாக, ஒரே வோல்ட்டில் இருக்க வேண்டும்.

மாற்றிய முதல் நாள், ஆள் பார்வையில் வைத்து சார்ஜ் ஏற்றுங்கள். கை பொறுக்காத சூடு வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பழையதைக் குப்பையில் போடாதீர்கள்

2022-ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழைய பேட்டரியை மற்றக் குப்பையோடு கலக்காமல், சேகரிப்போரிடமோ மறுசுழற்சி செய்வோரிடமோ ஒப்படைக்க வேண்டும். முனைகளில் டேப் ஒட்டிக் கொடுங்கள்.

புதிய பேட்டரி நீடித்து உழைக்க வேண்டுமானால், 80 சதவீதத்தில் சார்ஜை நிறுத்தும் வசதி டேப்லெட்டில் இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள். இல்லையேல் இடையிடையே பிளக்கை எடுங்கள். கடை கட்டும்போது ஒருபோதும் சார்ஜில் விட்டுப் போகாதீர்கள். பருப்பு வாங்கும்போது கையில் அள்ளிப் பார்த்து, கல் மண் தேடும் நாம், பேட்டரியில் மட்டும் விலையை மட்டும் கேட்டுவிட்டு வாங்கலாமா? அதே கவனம் இதிலும் இருந்தால் கடையும் காப்பாற்றப்படும், கணக்கும் காப்பாற்றப்படும்.