ஞாயிறு செஞ்ச களிமண் சிலை அடுத்த ஞாயிறு வரை காயாம இருக்கணுமா?

ஞாயிற்றுக்கிழமை மதியம். கூடுவாஞ்சேரியில் மொட்டை மாடி ரூம்ல உட்கார்ந்து களிமண்ணில் ஒரு முகம் செய்யறீங்க. நெற்றி வந்தாச்சு, மூக்கும் வந்தாச்சு. காது மட்டும் பாக்கி. மணி ஏழு ஆயிடுச்சு, காலையில் பீச் ட்ரெயினைப் பிடிக்கணும். 'மிச்சத்தை அடுத்த வாரம் பார்த்துக்கலாம்'னு மேல ஒரு ஈரத்துணியைப் போட்டுட்டு லைட்டை அணைச்சிடறீங்க. அடுத்த ஞாயிறு பார்த்தா, துணி கருவாடு மாதிரி விறைச்சு நிக்குது. மூக்கு நுனி வெளுத்திருக்கு. கழுத்தைச் சுத்தி ஒரு விரிசல்.

என் தாத்தாவின் முகத்துக்கு நடந்தது இதுதான். அவருக்கு 82 வயசு. எனக்காக மூணு ஞாயிறு அசையாம நாற்காலியில் உட்கார்ந்தார். மண் போனா நாப்பது, அம்பது ரூபாயோட போச்சு. ஆனா 'தாத்தா, மறுபடியும் முதல்லேர்ந்து'ன்னு அவர்கிட்ட போய் நிக்கணுமே! அதுக்கப்புறம்தான் இந்த விஷயத்தை ஒழுங்கா கத்துக்கிட்டேன்.

முதல்ல, ஏன் வெடிக்குது? களிமண் ரொம்பச் சின்ன, தட்டையான துகள்களால் ஆனது. துகள்களுக்கு நடுவில் தண்ணீர் நிக்குது. அது வெளியேறினா துகள்கள் நெருங்கி, மண் சுருங்கும். காயும்போது சாதாரணமா 5 முதல் 10 சதவீதம் வரை சுருங்கலாம். மொத்தச் சிலையும் ஒரே வேகத்தில் சுருங்கினா பிரச்னை இல்லை. ஆனா காது, மூக்கு, விரல் மாதிரி மெல்லிசான இடங்கள் முதல்ல காய்ஞ்சுடும். பருமனான கழுத்து ஈரமாவே இருக்கும். ஒண்ணு இழுக்க, ஒண்ணு நிக்க, நடுவில் பிளவு. உள்ளே தாங்குறதுக்குக் கம்பி வெச்சிருந்தா இன்னும் மோசம். மண் சுருங்கும், கம்பி சுருங்காது.

'சென்னைக் காத்துலதான் எப்பவும் ஈரம் இருக்கே?'னு கேட்கலாம். நானும் அப்படித்தான் நம்பினேன். ஆனா நம்ம ரூம்ல ஃபேன் சுத்துது. ஓடுற காத்து, நிக்குற காத்தைவிட வேகமா மண்ணை உலர்த்தும். ஏ.சி ரூமும் அப்படித்தான். மே மாசம் மேற்குக் காத்து அடிக்கும்போது, கடற்காத்து மெரினாவுக்கு வந்து ரொம்ப நேரம் கழிச்சுதான் நம்ம பக்கம் எட்டிப் பார்க்கும். அந்த நாட்களில் மொட்டை மாடி ரூம் ஒரு அடுப்பு.

அதனால ஈரத்துணி மட்டும் போதாது. துணி ஈரம் கொடுக்கும், அவ்வளவுதான். ஈரத்தைப் பூட்டி வைக்கிறது பிளாஸ்டிக் கவர். இந்த ரெண்டும் சேரணும்.

வேலை முடிஞ்சதும் ஸ்ப்ரே பாட்டிலால் பனி மாதிரி தண்ணீர் அடிங்க. மேற்பரப்பு பளபளன்னு வழுக்க ஆரம்பிச்சா அது அதிகம், கண்ணிமையில் போட்ட கோடெல்லாம் கரைஞ்சுடும். காது, மூக்கு, உதட்டுக்குத் தனியா சின்னச் சின்ன ஈரத்துணித் துண்டுகள். அப்புறம் மொத்தத்துக்கும் பழைய காட்டன் வேட்டி. நல்லாப் பிழிஞ்சு, சொட்டாத அளவுக்கு இருந்தா போதும். அதுக்கு மேல பெரிய குப்பை கவர். கவர் முகத்தில் ஒட்டாம இருக்க, நாலு பக்கமும் குச்சி நட்டு கூடாரம் மாதிரி நிறுத்துங்க. கீழே பலகையைச் சுத்தி இறுக்கிக் கட்டிடுங்க.

எல்லாரும் கோட்டை விடுற இடம் அந்தப் பலகைதான். மேல எவ்வளவு மூடினாலும், வெறும் பிளைவுட் பலகை அடியிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கிட்டே இருக்கும். என் தாத்தாவின் கழுத்தைக் கெடுத்தது அதுதான்னு நினைக்கிறேன். மண் வைக்கறதுக்கு முன்னாடியே பலகை மேல ஒரு பிளாஸ்டிக் ஷீட் விரிச்சுடுங்க.

புதன்கிழமை ராத்திரி ஒரு தடவை திறந்து பாருங்க. துணி உலர்ந்திருந்தா நனைச்சுப் போடுங்க. துணியில் கறுப்புப் புள்ளி, பூஞ்சை வாடை வரலாம். பயப்பட வேண்டாம், துணியை மாத்தினா போதும். சின்ன பொம்மைன்னா இவ்வளவு கூட வேண்டாம். தட்டில் வெச்சு, பக்கத்தில் ஈர ஸ்பாஞ்ச் ஒண்ணு போட்டு, மேல பக்கெட்டைக் கவிழ்த்துடுங்க. அடிக்கடி செய்யறவங்க, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவின் அடியில் ஒரு இன்ச் உயரத்துக்கு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊத்தி இறுக விட்டு, அதைத் தண்ணீரில் ஊற வெச்சுக்கலாம். உள்ளே இருக்கிற காத்து வாரக்கணக்கில் ஈரமாவே இருக்கும்.

இது நம்ம மாதிரி கத்துக்குட்டிகளின் தலைவலி மட்டும் இல்ல. மெரினாவில் இருக்கிற உழைப்பாளர் சிலையை உருவாக்கினவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. சென்னை ஓவியக் கல்லூரியில் பல வருஷம் முதல்வரா இருந்தவர். சிலை கடற்கரைக்கு வந்தது 1959-ல். இந்த மாதிரி வெண்கலச் சிலைகள் பொதுவா முதல்ல களிமண்ணில்தான் உருவாகும். அப்புறம்தான் அச்சு எடுத்து உலோகம் வார்ப்பாங்க. ஆளைவிடப் பெரிய உருவத்தை, அச்சு எடுக்கற நாள் வரைக்கும் ஈரமா வெச்சிருக்கணும்னா யோசிச்சுப் பாருங்க!

இதுக்கு நேர் எதிர் கணக்கு, ஊர் எல்லையில் நிக்கிற அய்யனார் குதிரை. அதைச் செய்யற குயவர்களுக்குக் கொஞ்சம் காயறதுதான் தேவை. கால் இறுகினாதான் மேல வர்ற உடம்பின் எடையைத் தாங்கும். ஆனா அடுத்த மண் ஒட்ட வேண்டிய மேல் விளிம்பு மட்டும் ஈரமா இருக்கணும். எதைக் காய விடணும், எதை விடக் கூடாதுன்னு இடம் பார்த்து முடிவு பண்றாங்க.

சரி, ஏற்கெனவே காய்ஞ்சு போச்சுன்னா? நகம் பதியுது, ஆனா மண் வளையலைன்னா இன்னும் வாய்ப்பு இருக்கு. உடைஞ்ச இடத்தில் ரெண்டு பக்கமும் கத்தியால் குறுக்கும் நெடுக்குமா கீறி, தயிர் பதத்துக்குக் குழைச்ச மண்ணைத் தடவி அழுத்துங்க. முழுசா வெளுத்துப் போச்சுன்னா தண்ணீர் ஊத்தாதீங்க. மேல சேறாகும், உள்ளே கல்லாவே இருக்கும். மனசைக் கல்லாக்கிட்டு உடைச்சு, நல்லா காய விட்டு, பக்கெட் தண்ணீரில் போடுங்க. வேடிக்கை என்னன்னா, அரை ஈரக் கட்டியைவிட முழுசா காய்ஞ்ச கட்டிதான் தண்ணீரில் சீக்கிரம் தானா உதிரும். அடுத்த சிலைக்கு மண் ரெடி.

தாத்தாவை அப்படித்தான் பக்கெட்டில் போட்டேன். அதைப் பார்த்துட்டு அவர் சிரிச்ச சிரிப்பு இருக்கே! இப்போ ரெண்டாவது முகம், நாலாவது வாரம். கழுத்தில் விரிசல் இல்ல. காது மட்டும் இன்னும் பாக்கி.