உப்பு நீரில் ஒரு முட்டை

பழையாற்றின் போக்கிலேயே நடந்து சென்றால், அடர்த்தி என்னும் விஞ்ஞானப் பாடம் வழியெங்கும் கிடக்கக் காணலாம். மேலே நாஞ்சில் நாட்டு வயல்கள். கடலை நெருங்கினால் புத்தளம், சாமிதோப்பு உப்பளங்கள். முடிவில் மணக்குடிப் பொழிமுகம். இம்மூவிடத்துப் பிள்ளைகளும் ஏழாம், எட்டாம் வகுப்புகளில் ஒன்றாக அமர்கின்றனர். பார்வையற்ற சிறுமியும் காது கேளாத சிறுவனும் அவர்களோடு அமர, 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வழி செய்திருக்கிறது. ஆயினும், வகுப்பில் இடம் பெற்றவர் பாடத்திலும் இடம் பெற்றுவிட்டார் என்று சொல்ல முடியாது.

ஆசிரியர் கண்ணாடிக் குவளை நீரில் முட்டையை இடுகிறார்; அது அமிழ்கிறது. உப்பைக் கரைக்கிறார், மிதக்கிறது. "பாருங்கள்" என்கிறார். சிறுமிக்கு அது பிறர் சொல்லக் கேட்கும் செய்தி மட்டுமே. சிறுவனோ, முட்டையைப் பார்ப்பதா, ஆசிரியரின் உதட்டைப் பார்ப்பதா என்று திகைக்கிறான்.

இதற்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. குவளைக்குப் பதிலாக அகன்ற சட்டியை வையுங்கள். நல்ல நீரில் முட்டை உள்ளங்கையில் அமர்ந்திருக்கும். உப்பு மிகுந்ததும் கையை விட்டு எழும். விரலால் அழுத்தினால் எதிர்த்துத் தள்ளும். அந்தத் தள்ளுவிசையைக் கண்ணால் காண முடியாது. ஆகவே எல்லாப் பிள்ளைகளும் தொட்டே அறியட்டும். கேள்வியை முன்னதாகவே பலகையில் எழுதிவிட்டு, முட்டை எழும் வரை ஆசிரியர் பேசாதிருக்க வேண்டும். (இதுதான் கடினம்!) முட்டை தொடாத வீட்டுப் பிள்ளைக்கு உருளைக்கிழங்கு போதும்.

இனி, வீட்டறிவுக்கு வருவோம். முட்டை மிதக்குமளவு உப்புக் கரைத்த நீரில் விதைநெல்லை இட்டால் பதர் மேலே வரும், திரண்ட மணி அடியில் தங்கும். அதை நல்ல நீரில் கழுவி விதைப்பது உழவர் வழக்கம். கடலில் மிதந்த வள்ளம் ஆற்று நீருள் புகுந்தால் சற்றே தாழும். கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு உண்டு. எனினும் புது முட்டை அதில் அமிழவே செய்யும். உப்பளப் பாத்தியின் முற்றிய நீரிலோ மிதக்கும். ஏன்?

விடையை ஒருவர் எழுதலாம், ஒருவர் மூன்று சட்டிகளாக வரையலாம், ஒருவர் சைகையால் சொல்லலாம். ஆனால், இயலாதவர் என்று கருதி எவருக்கும் கேள்வியைக் குறைத்துவிடக் கூடாது. ஒரு லிட்டர் நல்ல நீர் 1000 கிராம். கடல்நீர் சுமார் 1025 கிராம். உப்புப் படியும் பாத்தி நீர் எத்தனை கிராம்? 1200-ஐத் தாண்டும் என்பதை நாம் முந்திக்கொண்டு சொல்ல வேண்டா. தராசை அவர்களிடமே கொடுத்துவிடுவோம்.