பாலைநிலத்திலிருந்து வானுக்கு: ஒரு பி-29 விமானம் மீண்ட வரலாறு

பணியிலிருந்து ஓய்வுபெற்ற போர் விமானங்களுள் மிகப் பெரும்பாலானவை உலோகத்துக்காக உடைத்து உருக்கப்படுகின்றன. எஞ்சியவற்றுள் சில அருங்காட்சியகங்களில் பார்வைப்பொருளாக நிற்கின்றன. மிகச் சிலவே மீண்டும் பறக்கும் நிலையை அடைகின்றன. காட்சிக்கு நிறுத்தப்படும் விமானத்துக்கும் பறக்கும் விமானத்துக்கும் உள்ள வேறுபாடு வெளிப்பார்வைக்குத் தெரிவதைவிட மிகப் பெரியது. முன்னதைத் தூய்மை செய்து, உடைந்த கண்ணாடியை மாற்றி, வண்ணம் பூசினால் போதும். உள்ளே ஒரு குழாய் அரித்துப்போயிருந்தாலும் அதனால் எவருக்கும் தீங்கில்லை. பின்னதிலோ ஒவ்வொரு தகடும், ஒவ்வொரு மின்கம்பியும், ஒவ்வொரு இணைப்பும் தனக்குரிய சுமையைத் தாங்கும் என்று உறுதிசெய்யப்பட வேண்டும். அமெரிக்காவின் கன்சஸ் மாநிலத்தைச் சேர்ந்த விச்சிட்டா நகரில், பெரும்பாலும் தன்னார்வலர்களே பதினாறு ஆண்டுகள் உழைத்துப் பறக்கவைத்த 'டாக்' என்னும் பி-29 விமானம், இப்பணி எத்தகைய அறிவையும் பொறுமையையும் கோருகிறது என்பதை விளக்கமாகக் காட்டுகிறது.

விமானமும் அதன் காலமும்

போயிங் நிறுவனம் வடிவமைத்த பி-29 சூப்பர்ஃபோர்ட்ரஸ், இரண்டாம் உலகப் போரின் இறுதிக்கட்டத்தில் அமெரிக்கா பயன்படுத்திய நெடுந்தொலைவுக் குண்டுவீச்சு விமானமாகும். இறக்கையின் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் இடையே 43 மீட்டரும், மூக்கிலிருந்து வால் வரை 30 மீட்டரும் கொண்ட இவ்விமானத்தை நான்கு எஞ்சின்கள் இயக்கின. காற்று மெலிந்த உயரத்திலும் விமானிகள் முகமூடியின்றி மூச்சுவிடும்படி அறைகளுக்குள் காற்றழுத்தத்தைக் காக்கும் அமைப்பு இதில் இருந்தது. குண்டுகள் அடுக்கப்பட்ட நடுப்பகுதிக்கு அந்த அழுத்தம் இல்லாததால், முன்னறையிலிருந்து பின்னறைக்குச் செல்ல அப்பகுதியின் மேலாக ஒரு குறுகிய குழாய்வழி அமைக்கப்பட்டு, அதனூடே வீரர்கள் தவழ்ந்து சென்றனர். 1942 செப்டம்பரில் முதல் மாதிரி பறந்தது. அதன்பின் நான்கு ஆலைகளில் ஏறத்தாழ 3,970 விமானங்கள் உருவாயின. அவற்றுள் 1,644 விச்சிட்டா ஆலையில் செய்யப்பட்டவை.

இதன் போர்ப்பணி தொடங்கியது இந்திய மண்ணிலிருந்துதான். கரக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட கிழக்கிந்தியத் தளங்களிலிருந்து புறப்பட்ட பி-29 விமானங்கள், 1944 ஜூன் 5 அன்று பாங்காக் நகரத்தின் ரயில் பணிமனைகளைத் தாக்கியதே இவ்வகை விமானத்தின் முதல் தாக்குதலாகும். அதே ஆண்டு ஆகஸ்ட் 10 அன்று திருகோணமலையின் சீனக்குடா விமானத்தளத்திலிருந்து 50-க்கும் மேற்பட்ட பி-29 விமானங்கள் புறப்பட்டு, ஜப்பானியர் வசமிருந்த சுமத்திராவின் பலெம்பாங் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையை இரவில் தாக்கித் திரும்பின. போகவரச் சுமார் 6,000 கிலோமீட்டர் கொண்ட அப்பயணம் அக்காலத்தில் எந்தக் குண்டுவீச்சு விமானத்துக்கும் எளிதில் இயலாத ஒன்று. 1945 மார்ச்சில் டோக்கியோவின் குடியிருப்புகளை ஓர் இரவில் எரித்தழித்தவையும், ஆகஸ்டில் ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் அணுகுண்டு வீசியவையும் இதே வகை விமானங்களே. மீட்டெடுக்கப்பட்ட எந்தப் பி-29 விமானத்தையும் இந்த வரலாற்றிலிருந்து பிரித்துப் பார்க்க இயலாது.

44-69972 என்னும் வரிசை எண் கொண்ட 'டாக்' 1945 மார்ச்சில் விச்சிட்டா ஆலையிலிருந்து படைக்கு ஒப்படைக்கப்பட்டது. ஆனால் அது போர்முனைக்குச் செல்லவில்லை. 1951-இல், ரேடார் கருவிகளின் அளவீடு சரியாக உள்ளதா என்று சோதிப்பதற்குப் பறக்கும் விமானங்களுள் ஒன்றாக அது நியமிக்கப்பட்டபோது, 'ஸ்னோ ஒயிட்' கதையில் வரும் ஏழு குள்ளர்களின் பெயர்கள் அவ்விமானங்களுக்குச் சூட்டப்பட்டன. 'டாக்' என்ற பெயர் அவ்வாறு வந்ததே. பின்னர்ப் பயிற்சி இலக்குகளை இழுத்துச் செல்லும் பணியைச் செய்து, 1956-இல் கலிபோர்னியாவின் மொஹாவி பாலைநிலத்தில் உள்ள சைனா லேக் கடற்படைத் தளத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு, குண்டுவீச்சுப் பயிற்சிக்கான இலக்காகத் திறந்தவெளியில் விடப்பட்டது. அங்கு அது 42 ஆண்டுகள் கிடந்தது.

1987-இல் டோனி மஸ்ஸோலினி என்னும் விமான ஆர்வலர் அதைக் கண்டறிந்தார். அரசுடைமையான விமானத்தைத் தனியார் பெறுவது எளிதன்று. மாற்றாக ஒரு பி-25 விமானத்தைத் தேடிச் சீரமைத்துக் கடற்படை அருங்காட்சியகத்துக்குக் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையை நிறைவேற்றிய பின்னரே, 1998-இல் 'டாக்' பாலைநிலத்திலிருந்து இழுத்துவரப்பட்டது. 2000-இல் அது பகுதி பகுதியாகக் கழற்றப்பட்டு, லாரிகளில் ஏற்றப்பட்டு, தான் பிறந்த விச்சிட்டாவுக்கே வந்துசேர்ந்தது.

தகடும் ரிவெட்டும்

விச்சிட்டாவில் இப்பணி நிறைவேறியது தற்செயலன்று. செஸ்னா, பீச்கிராஃப்ட், லியர்ஜெட், போயிங் ஆகிய நிறுவனங்களின் ஆலைகளால் வளர்ந்த அந்நகரில், விமானத் தகடு வளைப்பவரும் எஞ்சின் பொருத்துபவரும் மின்சுற்று அமைப்பவரும் ஓய்வுபெற்ற பிறகும் அக்கம்பக்கத்திலேயே வாழ்ந்தனர். போர்க்காலத்தில் இளம்பெண்ணாகப் பி-29 விமானங்களின் மூக்குப்பகுதியில் ரிவெட் அடித்தவர் ஒருவர், பல பத்தாண்டுகள் கழித்து முதுமையில் 'டாக்' விமானத்தின் சீரமைப்புப் பணிக்கும் வந்து கைகொடுத்தார். போயிங் நிறுவனம் தன் ஆலையில் இடமளித்தது. 2013-இல் 'டாக்ஸ் ஃப்ரெண்ட்ஸ்' என்னும் இலாப நோக்கற்ற அமைப்பு உருவாகி, விமானத்தை வாங்கி, பணத்தையும் பணியாளர்களையும் ஒழுங்குபடுத்திய பின்னர் வேலை விரைந்தது. தன்னார்வலர்கள் மொத்தத்தில் பல லட்சம் மணிநேரம் உழைத்தனர்.

அவர்கள் முதலில் எதிர்கொள்ள வேண்டியிருந்தது அரிப்பை. விமானத்தின் உடல் அலுமினியத்தால் ஆனது என்று பொதுவாகச் சொல்லப்பட்டாலும், தூய அலுமினியம் மென்மையானது என்பதால், வலிமைக்காகச் செம்பு கலந்த உலோகக் கலவையே பயன்படுகிறது. செம்பு கலந்ததும் அரிப்பைத் தாங்கும் ஆற்றல் குறைந்துவிடுவதால், தகட்டின் இருபுறமும் தூய அலுமினியம் மெல்லிய படலமாக ஒட்டப்படுகிறது. துளையிட்ட இடங்களிலும் வெட்டிய விளிம்புகளிலும் அப்படலம் அறுபட்டுவிடுகிறது. எஃகு ஆணி அலுமினியத்தைத் தொடும் இடத்தில் ஈரம் சேர்ந்தால், இரு உலோகங்களுக்கும் இடையே நுண்ணிய மின்னோட்டம் உண்டாகி அலுமினியம் கரையத் தொடங்குகிறது. மேற்பரப்பு வழவழப்பாகத் தோன்றும்போதே உள்ளே உலோகம் அடுக்கடுக்காக உப்பிப் பிளந்திருக்கவும் கூடும். பாலைநிலத்தின் வறண்ட காற்று 'டாக்' விமானத்தைப் பெருமளவு காத்தது என்றாலும், எந்தப் பகுதியையும் சோதிக்காமல் நம்ப இயலாது.

கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் கண்டறியும் முறைகளுள் ஒன்று எளிமையானது, நுட்பமானதும் கூட. நன்கு கழுவி உலர்த்திய உதிரிப்பாகத்தின்மேல் ஒளிரும் சாயம் கலந்த மெல்லிய திரவம் தடவப்படும். அது மயிரிழை விரிசல்களுக்குள்ளும் ஊடுருவும்வரை காத்திருந்து, மேற்பரப்பைத் துடைத்தபின் வெள்ளைப் பொடி தூவப்படும். விரிசலுக்குள் தங்கிய சாயத்தைப் பொடி உறிஞ்சி வெளியே இழுக்க, புற ஊதா விளக்கின் கீழ் விரிசல் ஒளிக்கோடாகத் தெரியும். அவ்வாறு கோடு தெரிந்த பாகம் ஒதுக்கப்பட்டு, பழைய வரைபடங்களைப் பார்த்துப் புதியது செய்யப்படும்.

அரித்த தகட்டை நீக்கிப் புதியதைப் பொருத்துவது ரிவெட்டால் நடக்கிறது. ரிவெட் என்பது ஒரு முனையில் தலை கொண்ட சிறு உலோகத் தண்டு. இரு தகடுகளின் துளைகளிலும் அதைச் செருகி, மறுமுனையை நசுக்கி விரித்தால் தகடுகள் பிரியாமல் பிணைகின்றன. இவ்வேலைக்கு இருவர் தேவை. வெளியே நிற்பவர் காற்றழுத்தத்தால் அதிரும் சுத்தியலை ரிவெட்டின் தலையில் வைத்து அடிக்க, உள்ளே, பெரும்பாலும் குறுகிய இடத்தில் மடங்கிக் கிடப்பவர், எடைமிக்க எஃகுக் கட்டையை மறுமுனையில் அழுத்திப் பிடிக்கிறார். இருவராலும் ஒருவரையொருவர் பார்க்க இயலாது. தட்டல் ஒலியே அவர்களுக்கிடையே சைகை. விரிந்த முனை தண்டின் விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்கு அகலமும், அவ்விட்டத்தில் பாதி உயரமும் கொண்டிருக்க வேண்டும். அடி மிகுந்தால் தகடு பள்ளமாகும், குறைந்தால் பிடி தளரும், கட்டை சாய்ந்தால் முனை கோணும். பிழைபட்ட ரிவெட்டைத் துளைத்தெடுத்து மீண்டும் அடிக்க வேண்டும். மேலும், சில வகை ரிவெட்டுகள் வெப்பமூட்டிக் குளிர்விக்கப்பட்ட சற்றுநேரத்தில் தாமாகவே கடினமாகிவிடும் என்பதால் உறைகுளிர்ப் பெட்டியில் வைக்கப்பட்டு, எடுத்த சில நிமிடங்களுக்குள் அடிக்கப்படுகின்றன. இந்த நேரக்கணக்கு கையேட்டில் உள்ளது. ஆனால் அடியின் அளவைக் காதும் கையும் அறிவது, தேர்ந்தவர் அருகே நின்று பழகினால்தான் வரும்.

எஞ்சினும் சான்றிதழும்

பி-29 விமானத்தின் மிகக் கடினமான பகுதி அதன் எஞ்சினே. ரைட் நிறுவனத்தின் ஆர்-3350 எஞ்சினில், மைய அச்சைச் சுற்றி வட்டமாக அமைந்த ஒன்பது சிலிண்டர்கள் ஒரு வரிசையாக, முன்னும் பின்னும் இரு வரிசைகளில் மொத்தம் 18 சிலிண்டர்கள் உள்ளன. ஒவ்வோர் எஞ்சினும் 2,200 குதிரைத்திறன் தந்தது. காற்றால் மட்டுமே குளிரும் இந்த அமைப்பில் பின்வரிசைக்குப் போதிய காற்று எட்டாமல் வெப்பம் மிகுந்தது. மக்னீசியக் கலவையாலான சில உறைகள் தீப்பிடித்தால் அணைப்பதும் அரிதாயிற்று. 1943 பிப்ரவரியில் சியாட்டில் நகரில் இரண்டாவது மாதிரி விமானம் எஞ்சின் தீயால் வீழ்ந்து நொறுங்கி, அதிலிருந்த அனைவரும் தரையிலிருந்த பலரும் உயிரிழந்தனர். ஆகவே 'டாக்' குழுவினர் போர்க்கால எஞ்சின்களை அப்படியே பயன்படுத்தாமல், அதே எஞ்சினின் பிற்கால மேம்பட்ட வடிவங்களின் பாகங்களை இணைத்து உருவாக்கிய எஞ்சின்களைப் பொருத்தினர். வரலாற்றுத் தூய்மையைச் சிறிதளவு விட்டுக்கொடுத்து உயிர்ப் பாதுகாப்பைப் பெறும் இந்த முடிவு, பறக்கும் விமானங்களைச் சீரமைப்போர் அனைவரும் எடுக்க வேண்டிய முடிவாகும்.

வட்ட எஞ்சினுக்கு மற்றொரு பழக்கமும் உண்டு: அது நின்றிருக்கும்போது எண்ணெய் மெல்லக் கசிந்து கீழ்ச் சிலிண்டர்களில் தேங்குகிறது. எண்ணெய் காற்றைப்போல் சுருங்காது. அந்நிலையில் எஞ்சினை முடுக்கினால் உந்துதண்டு வளைந்துவிடும். அதனால், ஒவ்வொரு முறையும் முடுக்கும்முன் தரைப்பணியாளர்கள் ஐந்து மீட்டர் விட்டமுள்ள விசிறியின் அலகுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கையால் தள்ளிச் சுழற்றுகின்றனர். எங்காவது தடை உணரப்பட்டால் அங்கேயே நிறுத்தி, அச்சிலிண்டரின் தீப்பொறிச் செருகியைக் கழற்றி எண்ணெயை வடிக்கின்றனர்.

பணி முடிந்தாலும் அரசின் வான்போக்குவரத்து நிர்வாகம் சான்றளிக்காமல் விமானம் பறக்க இயலாது. மாற்றிய ஒவ்வொரு பாகத்துக்கும் ஆவணம் வைத்திருந்த 'டாக்' குழுவுக்கு 2016 மே மாதத்தில் 'சோதனைப் பிரிவு' சான்றிதழ் கிடைத்தது. பயணிகள் விமானத்துக்குரிய முழுச் சான்றிதழ் இல்லாமல், வரம்புகளுக்கு உட்பட்டுப் பறக்க ஒப்புதல் தருவது இப்பிரிவு. ஜூலை 17 அன்று மக்கானல் விமானப்படைத் தளத்திலிருந்து 'டாக்' அறுபது ஆண்டுகளுக்குப் பின் முதன்முறையாக எழும்பியது. எச்சரிக்கை விளக்கு ஒன்று எரிந்ததும் விமானிகள் பயணத்தைச் சில நிமிடங்களிலேயே முடித்துப் பத்திரமாகத் தரையிறக்கினர். அந்நாளின் மகிழ்ச்சியை நீட்டிக்க எண்ணாமல் கருவியின் எச்சரிக்கைக்குப் பணிந்த அந்த ஒழுங்கே, பதினாறு ஆண்டுப் பணியின் தரத்துக்குச் சான்று. இன்று உலகில் பறக்கும் நிலையிலுள்ள பி-29 விமானங்கள் இரண்டே: 'டாக்' ஒன்று, 1971-இல் அதே சைனா லேக் தளத்திலிருந்து மீட்கப்பட்ட 'ஃபிஃபி' மற்றொன்று.

பறக்கவைப்பது முறையா?

இத்தகைய முயற்சிகள் அனைத்தும் வெற்றி பெறுவதில்லை. 1947-இல் வட கிரீன்லாந்தின் பனியில் இறங்கி நின்றுபோன 'கீ பேர்ட்' என்னும் பி-29 விமானத்தைப் பறக்கவைத்து மீட்க ஒரு குழு முயன்றது. 1995-இல் புறப்படுவதற்காக அது உருண்டபோது துணை மின்னாக்கியின் எரிபொருள் கசிந்து தீப்பற்ற, அரை நூற்றாண்டாகப் பனியில் நிலைத்திருந்த விமானம் சில மணி நேரத்தில் எரிந்துபோயிற்று. 2019-இல் கனெடிகட் மாநிலத்தில் பழைய பி-17 விமானம் வீழ்ந்து எழுவர் இறந்தனர்; 2022-இல் டல்லஸ் நகரின் வான்காட்சியில் பி-17 விமானமும் போர்க்கால வேட்டை விமானம் ஒன்றும் மோதி அறுவர் இறந்தனர். எஞ்சியிருக்கும் சிலவற்றை ஏன் இடர்ப்படுத்த வேண்டும், கட்டடத்துக்குள் நிறுத்திக் காப்பதே கடமையன்றோ என்று அருங்காட்சியகத் துறையினர் கேட்பதில் பெரும் நியாயம் உண்டு. ஒரே ஒரு விமானம் மட்டும் எஞ்சிய வகைகளுக்கு அக்கூற்றே முடிந்த முடிவாக வேண்டும்.

ஆனால் பி-29 வகையில் இருபதுக்கும் மேற்பட்டவை அருங்காட்சியகங்களில் பாதுகாக்கப்படும் நிலையில், இரண்டு பறப்பதால் வரலாறு இழப்பதைவிடப் பெறுவது மிகுதி. உருவத்தை அருங்காட்சியகம் காக்கிறது. செய்முறையைக் காப்பது பறக்கும் விமானமே. ரிவெட் அடிக்கும் கையையும், எஞ்சினின் ஒலி மாறுவதை உணரும் காதையும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க இயலாது. வேலை நடந்துகொண்டே இருந்தால்தான் அவை மூத்தவரிடமிருந்து இளையவருக்குச் செல்லும். 2019-இல் விச்சிட்டாவின் ஐசன்ஹோவர் விமான நிலையத்தில் திறக்கப்பட்ட 'டாக்' கூடம், விமானத்தைப் பராமரிக்கும் இடமாகவும் கற்பிக்கும் இடமாகவும் விளங்குவதன் பொருத்தம் இதுவே.

அங்கே கற்பிக்கப்பட வேண்டியவை இரண்டு. இதைக் கட்டியவர்களின் திறமை ஒன்று. இவ்வகை விமானத்தின் கீழே எரிந்த நகரங்களில் மாண்ட மக்களின் கதை மற்றொன்று. முதலாவதை மட்டும் சொன்னால் அது பெருமிதமாகச் சுருங்கிவிடும். இரண்டாவதை மட்டும் சொன்னால், எளிய தொழிலாளர்கள் கைத்திறனால் எதைச் சாதிக்க முடிந்தது என்பது மறைந்துவிடும். சீரமைத்த தன்னார்வலர்களுள் பலர் முதுமை எய்திவிட்டனர்; அவர்கள் இருக்கும்போதே அவர்களோடு வேலை செய்து பழகும் இளைஞர்கள் கிடைத்தால் இவ்விமானம் தொடர்ந்து பறக்கும். கிடைக்காவிட்டால் விமானமும் வரைபடங்களும் எஞ்சியிருக்கும், அவற்றைப் படித்து வேலை செய்யத் தெரிந்தவர்கள் இருக்கமாட்டார்கள்.