சுங்குடியில் ஒரு குர்தா
(இரண்டாம் ஆண்டு மாணவி, பி.எஸ்ஸி. ஆடை வடிவமைப்பு)

"ஆள் பாதி, ஆடை பாதி" என்பார்கள். அந்த ஆடை எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் நம்மில் பலர் ஜவுளிக் கடையைக் கைகாட்டுவோம். எங்கள் துறையிலோ, இரண்டாம் ஆண்டில் ஒவ்வொரு மாணவியும் ஒரு மரபுத் துணிக்கலையைத் தேர்ந்து, அதனை ஆராய்ந்து, மாதிரிகள் செய்து, முடிவில் உடுத்தக்கூடிய ஓர் ஆடையாகத் தைத்துக் காட்டவேண்டும். இதற்குத் திட்டப்பணி என்று பெயர். எங்கள் குடும்பத்தில் பட்டப்படிப்புக்கு வந்த முதல் ஆள் நான். ஆகவே திட்டப்பணி என்றால் என்னவென்று வீட்டில் விளக்கவே எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. "பள்ளிக்கூடத்துல குடுக்குற வீட்டுப்பாடம் மாதிரியாடி?" என்றார் அம்மா. ஏறக்குறைய அதுதான், இதற்குத் துணி வாங்கப் பணம் வேண்டும் என்பது மட்டுமே வேறுபாடு.

நான் தேர்ந்துகொண்டது மதுரைச் சுங்குடி. சௌராஷ்டிர மக்கள் பல தலைமுறைகளாக மதுரையில் செய்துவரும் கைத்தொழில் இது. மெல்லிய பருத்தித் துணியைச் சிட்டிகையளவு கிள்ளியெடுத்து, நூலால் இறுகக் கட்டிச் சாயத்தில் தோய்த்தால், கட்டிய இடம் நிறம் ஏறாமல் புள்ளியாக நிற்கும். குஜராத், இராஜஸ்தான் பகுதிகளின் பாந்தனியும் ஜப்பானியரின் ஷிபோரியும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. 2005ஆம் ஆண்டில் மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இத்தகைய செய்திகளை ஒரு மாலைப் பொழுதில் திரட்டிவிடலாம். படங்களை ஒட்டி அழகான அட்டையும் தயாரித்துவிடலாம். ஆனால் மறுநாள் துணியை விரித்துக் கத்தரிக்கோலை எடுக்கும்போது அந்த அட்டை உதவிக்கு வராது. புள்ளி எத்தனை? எங்கே? எவ்வளவு நெருக்கம்? யார் கட்டுவது? எத்தனை மணி நேரம்? இவற்றுக்கு விடை காண்பதையே நான் ஆராய்ச்சி என்று கொண்டேன்.

பழந்துணிகளைக் காண அகமதாபாத்தின் காலிகோ அருங்காட்சியகத்துக்குப் போகலாம். அது 1949இல் தொடங்கப்பட்டது. எனக்கு அவ்வளவு தூரம் போக வசதி இல்லை. எங்கள் தெருவில் இளவயது முதலே சுங்குடி கட்டிவரும் பாட்டி ஒருவர் இருக்கிறார். அவருடைய டிரங்குப் பெட்டிதான் எனக்கு அருங்காட்சியகம். அதிலிருந்த பழைய சேலைகளை லென்ஸ் வைத்துப் பார்த்து, அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்று எண்ணி நோட்டில் குறித்தேன். கையால் கட்டிய புள்ளி ஒன்றுபோல் மற்றொன்று இராது. வெள்ளை வளையத்தின் நடுவே சிறிய நிறப்பொட்டு இருக்கும். தடவினால் துணி மேடாகத் தட்டுப்படும். சின்னாளபட்டியில் மெழுகு அச்சு வைத்துச் செய்யும் சுங்குடியில் புள்ளிகள் தட்டையாக, ஒரே அளவில் இருக்கும். மெழுகு அச்சைப் போலி என்று நான் சொல்லமாட்டேன். குறைந்த விலையில் சேலை வேண்டுவோர்க்கு அது நல்ல வழி. ஆயினும் இரண்டும் வேறு வேறு உழைப்பு என்பதை வாங்குபவர் அறியவேண்டும்.

அடுத்துக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். ஒரு மணி நேரத்தில் நான் கட்டியது 38 முடிச்சு. பாட்டி கட்டியது 110. "ஏம்மா, நகத்தை இப்படியா வளர்க்காம வெச்சிருப்பே?" என்று என் விரலைப் பிடித்துப் பார்த்துச் சிரித்தார். துணியைக் கிள்ளிப் பிடிக்க நகம் வேண்டுமாம்! எந்தப் பாடநூலிலும் நான் இதைப் படித்ததில்லை.

இந்த இரண்டு எண்களும் என் வடிவமைப்பையே மாற்றிவிட்டன. ஒரு குர்தாவுக்கு 44 அங்குல அகலத்தில் இரண்டரை மீட்டர் துணி தேவை. அங்குலத்துக்கு ஒரு புள்ளி என்று துணி முழுவதும் கட்டினால் ஏறத்தாழ 4000 முடிச்சு. பாட்டியின் வேகத்தில் அது 36 மணி நேர வேலை. எட்டு மணி நேரத்துக்கு அவர் கேட்ட கூலி 400 ரூபாய். அப்படியானால் முடிச்சுக் கூலி மட்டும் 1800. துணி 225, சாயப்பொருள்கள் 40, தையல் 250 என்று கூட்டினால் 2315 ரூபாய். எங்கள் வகுப்பில் அந்த விலைக்குக் குர்தா வாங்கக்கூடியவர் எவருமில்லை. கூலியைக் குறைத்துப் பேசி விலையை இறக்குவதுதான் கடைத்தெரு வழக்கம். நான் கூலியைத் தொடாமல் முடிச்சின் எண்ணிக்கையைக் குறைக்க முயன்றேன்.

இதற்கு வழி காட்டியவர் அம்மாதான். அவர் தையல் கடைக்காகக் காஜா எடுத்து, பட்டன் கட்டிக் கொடுப்பவர். உருப்படிக் கணக்கில் கூலி பெறுபவர். பிரவுன் பேப்பரில் நான் வரைந்த முன்பாகம், பின்பாகம், கை ஆகியவற்றைத் துணியின் மேல் பரப்பிவைத்தபோது, அவர் கைக்குழியின் வளைவையும் ஓரங்களையும் விரலால் காட்டி, "தையலுக்குள்ள போற புள்ளிக்கும், வெட்டிக் கீழ விழுற புள்ளிக்கும் கூலி யாருடி குடுப்பா?" என்று கேட்டார். காகிதத்தில் எண்ணிப் பார்த்தேன். துணி முழுவதும் கட்டியபின் வெட்டினால், நான்கில் ஒரு பங்கு புள்ளிகள் கழிவுத் துண்டுகளிலும் தையல் விளிம்புகளிலும் போய்விடும். ஆயிரம் முடிச்சு, பாட்டிக்கு ஒன்பது மணி நேரம்!

சேலையில் இந்தச் சிக்கல் இல்லை. சேலையை யாரும் வெட்டுவதில்லை. வெட்டித் தைக்கும் உடைக்கோ முதலில் வடிவம், பிறகு முடிச்சு என்ற வரிசையே பொருந்தும். எனவே காடாத் துணியில் ஒரு மாதிரிக் குர்தா தைத்து அளவைச் சரிபார்த்தபின், புள்ளி வேண்டிய இடங்களை மட்டும் தாளில் குறித்தேன். நெஞ்சின் மேற்பட்டையில் 336, இரு கைகளின் ஓரத்தில் 96, கீழ் ஓரத்தில் 96. ஆக மொத்தம் 528 முடிச்சு. ஐந்து மணி நேரம். கூலி 250 ரூபாய். குர்தாவின் அடக்க விலை 765 ஆயிற்று.

துணியைக் குறியிடுமுன் கஞ்சியும் மெழுகும் போக வேகவைப்பது கட்டாயம். பத்து அங்குலச் சதுரம் வரைந்து வேகவைத்து உலர்த்தி அளந்ததில், நீளத்தில் அரை அங்குலமும் அகலத்தில் கால் அங்குலமும் சுருங்கியிருந்தது. 42 அங்குல நீளமுள்ள குர்தாவில் இது இரண்டு அங்குலத்துக்கு மேல். ஆகவே வேகவைத்த துணியில்தான் வடிவத்தைப் பதித்தேன். பென்சில் கோடு சாயத்தொட்டியில் மறைந்துவிடும் என்பதால், வெள்ளை நூலில் ஓட்டுத்தையல் போட்டே விளிம்புகளைக் குறித்தேன். மேற்பட்டையைப் பாட்டி கட்டினார். ஓரங்கள் என் பங்கு.

நான் எடுத்துக்கொண்டது ரியாக்டிவ் சாயம். இவ்வகைச் சாயம் 1956இல் விற்பனைக்கு வந்தது. இது துணியின் மேல் படிந்து நிற்பதன்று; பருத்தியின் செல்லுலோஸோடு வேதிப் பிணைப்பு ஏற்படுத்திக்கொள்கிறது. உப்பு சாயத்தை நீரிலிருந்து இழையை நோக்கித் தள்ளும். பிறகு சேர்க்கும் சலவைச் சோடா காரத்தன்மையைத் தந்து பிணைப்பை நிகழ்த்தும். கால் கிலோ துணிக்கு ஐந்து லிட்டர் நீர், ஏழரை கிராம் சாயம், கால் கிலோ உப்பு, 50 கிராம் சோடா என்பது என் அளவு. சோடா சேர்ந்த சாயம் நீரோடும் வினைபுரிந்து வலுவிழப்பதால், மிச்சத்தை மறுநாளுக்கு வைத்துக்கொள்ள இயலாது. மாதிரித் துண்டுகளில் நூலை இரண்டு, நான்கு, ஆறு சுற்றுகள் சுற்றியும், சோடா சேர்த்தபின் 20, 40, 60 நிமிடங்கள் ஊறவைத்தும் ஒப்பிட்டேன். இரண்டு சுற்றில் சாயம் உள்ளே கசிந்தது. நேரம் கூடக்கூட நிறம் ஆழ்ந்தது, புள்ளி சிறுத்தது. நான்கு சுற்று, 40 நிமிடம் என்று முடிவு செய்தேன். கட்டிய துணியை முதலில் வெறும் நீரில் நனைத்துக்கொண்டால் கசிவு இன்னும் குறைகிறது.

ஒட்டாத சாயத்தைப் போக்க, குளிர்ந்த நீரிலும் பின் சோப்புக் கலந்த சுடுநீரிலும் அலசவேண்டும். நீர் தெளிந்து, துணியும் உலர்ந்தபின்பே முடிச்சை அவிழ்க்கலாம். அவசரப்பட்டால் வெள்ளைப் புள்ளியில் நிறம் ஏறிவிடும். வாளியளவு சாயத் தண்ணீர்தானே என்று தெருச் சாக்கடையில் கொட்டவும் எனக்கு மனம் வரவில்லை. நொய்யல் ஆற்றின் மாசு காரணமாக 2011இல் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதை வகுப்பில் படித்திருந்தோம். துறை ஆய்வகத்தின் கழிவுத்தொட்டியிலேயே அதைச் சேர்த்தேன்.

முடிச்சு அவிழ்ந்த மேற்பட்டை, சுருக்கங்களால் 12 அங்குலத்திலிருந்து 11 அங்குலமாகக் குறுகியிருந்தது. அழுத்தித் தேய்த்தால் அளவு வந்துவிடும், ஆனால் சுங்குடியின் மேடு போய்விடும். உட்புறமாக இலேசாகத் தேய்த்து, முன்னரே விட்டுவைத்த ஓரத் துணியின் உதவியால் வடிவத் தாளை மீண்டும் வைத்து வெட்டினேன். போட்டுக்கொள்ளும்போது இழுபடாமலிருக்க அடியில் மெல்லிய உள்துணி கொடுத்தேன். அதன்பின் தையல் வேலை வழக்கம் போலத்தான். காஜா மட்டும் அம்மா எடுத்தார்.

துறைக் கண்காட்சியில் குர்தாவோடு முடிச்சின் எண்ணிக்கை, நேரம், கூலி ஆகியவற்றையும் அட்டையில் எழுதித் தொங்கவிட்டேன். பார்த்தவர்களில் இருவர் அதே விலைக்குத் தங்களுக்கும் வேண்டுமென்று கேட்டனர்; பாட்டி அடுத்த மேற்பட்டையைக் கட்டிக்கொண்டிருக்கிறார். சாயம், சுற்று, நேரம் குறித்த மாதிரித் துண்டுகள் ஒட்டிய என் கோப்பு துறை நூலகத்தில் உள்ளது. சுங்குடியை எடுத்துச் செய்ய விரும்பும் முதலாமாண்டு மாணவியர் அதைக் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம்.