அடிநாதத்திற்கு ஓர் இடம்

இருபதாண்டுகளாகப் பேஸ் கிற்றார் வாசித்தவன் நான். எங்கள் குழு கலைந்தபின், தொழில் செய்யும் இசைக்குழுவொன்றைத் தேடி அலைகின்றேன். “தனியே கச்சேரி செய்யலாமே!” என்பர் நண்பர். கிற்றாரிலும் ஒரு ஸ்தாயி தாழ்ந்து ஒலிக்கும் நான்கு தந்திகள் அவை. தாளத்தையும் பாட்டையும் பிணைப்பதே அவற்றின் தொழில். பிணைப்பதற்குப் பிறர் வேண்டாமா?

நின்று வாசிக்கும் பெரும் பேஸ் வாத்தியத்தில் மேதையான அமெரிக்கர் சாள்ஸ் மிங்கஸ், தபாற்கந்தோரில் வேலை பார்த்த காலமும் உண்டு. 1953இல் ரொறன்ரோ நகரில் சாளி பார்க்கருடன் அவர் வாசித்த கச்சேரியின் ஒலிப்பதிவில் பேஸ் தெளிவாகக் கேட்கவில்லை. பின்னர் தம் பகுதியை மீண்டும் வாசித்து அதன்மேற் பதித்தார்.

முன்வரிசையை நான் கேட்கவில்லை. மேடையின் பின்மூலை ஒன்று கிடைத்தாற் போதும்.